பிரித்த பிடிஎஃப் துண்டுகளின் அளவு குறையவே இல்லை

620 பக்கம், 140 எம்பி உள்ள பிடிஎஃப். மின்னஞ்சலில் 25 எம்பிக்கு மேல் போகாது என்பதால் ஓர் ஆன்லைன் கருவியில் ஏற்றி அத்தியாயவாரியாகப் பிரித்தேன். 40 பக்கத் துண்டுகூட 130 எம்பி வருகிறது! மொத்தப் படங்களும் எழுத்துருக்களும் ஒவ்வொரு துண்டோடும் சேர்ந்தே வருகின்றன என்று சந்தேகம்.

வேறொரு தளத்திலும் அதே கதை. கம்ப்ரஸ் செய்தால் வரைபடங்களில் உள்ள பொடி எழுத்து மங்கிவிடுகிறது. குரோமில் பிரிண்ட் கொடுத்து பக்க எண் போட்டு பிடிஎஃப்பாகச் சேமித்தால் அளவு சரி, ஆனால் புக்மார்க் எல்லாம் காணோம். பெறுபவருக்கு டிரைவ் லிங்க் வேண்டாமாம், அட்டாச்மெண்ட்தான் வேண்டுமாம்.

விண்டோஸ் 11. கோப்புக்குக் கடவுச்சொல் கிடையாது, ஸ்கேன் செய்ததும் அல்ல. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.

தெளிவும் புக்மார்க்கும் கெடாமல், அந்தந்தப் பக்கத்துக்குத் தேவையானதை மட்டும் எடுத்துப் பிரிக்கும் கருவி எது?