கை சொல்வதும் இடுப்பு சொல்வதும்: மிட்-இன்ஜின் கார் ஓட்டியவர்களின் அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்

நண்பர்களே, இன்ஜின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கும் மிட்-இன்ஜின் காரை முதல்முறை ஓட்டியபோது உங்கள் கைக்கு என்ன தெரிந்தது? எத்தனை குதிரைசக்தி, எத்தனை விநாடியில் நூறு என்பதெல்லாம் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கையும் சீட்டில் பதிந்த இடுப்பும் என்ன சொல்லின என்று மட்டும் எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருடமாக இன்ஜின் முன்னால் இருக்கும், முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளையே ஓட்டிப் பழகியவன் நான். நண்பர் ஒருவர் தன்னுடைய லோட்டஸ் எலிஸின் சாவியைக் கையில் கொடுத்தார். 1996-இல் வந்த முதல் தலைமுறை வண்டி. அலுமினியச் சட்டம், எடை 725 கிலோ பக்கம், பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்பக் கொஞ்சம் முக்க வேண்டியிருந்தது. உருள ஆரம்பித்ததும் அந்தக் கனம் போன இடம் தெரியவில்லை. முன்சக்கரத்தின் மேல் இன்ஜின் உட்காரவில்லை, அப்புறம் எதற்குக் கனக்கப் போகிறது?

முதல் பத்து நிமிடம் எனக்குப் பயம்தான். ஸ்டீயரிங் சும்மா இருக்கவே இல்லை. சாலையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் கட்டைவிரலில் ஒரு தட்டல். ஒட்டுப்போட்ட தார் வந்தால் உள்ளங்கையில் ஒரு சொரசொரப்பு. சாலை ஒரு பக்கம் சரிந்திருந்தால் அந்தப் பக்கமாக மெல்ல ஒரு இழுப்பு. ஏதோ கழன்றிருக்கிறது என்றே நினைத்து இறுக்கிப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த நண்பர் சிரித்துக்கொண்டே, "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க, அது எங்கேயும் ஓடாது" என்றார். பிடியைத் தளர்த்தினேன். அதுவரை சத்தமாகக் கேட்டதெல்லாம் அப்போதுதான் பேச்சாகக் கேட்டது.

இன்னொன்று, திருப்பியவுடன் திரும்புகிறது. முன் இன்ஜின் வண்டியில் கை திரும்புவதற்கும் மூக்கு திரும்புவதற்கும் நடுவில் "இரு, வருகிறேன்" என்பதுபோல ஒரு சின்னத் தாமதம் உண்டு. அப்படி ஒன்று இருப்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

போர்ஷே பாக்ஸ்டர் ஓட்டுபவர்

அந்தத் தாமதம் ஏன் என்பதற்கு ஒரு எளிய சோதனை. நீளமான கழியின் இரண்டு முனையிலும் பாரம் கட்டி, நடுவில் பிடித்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். அதே பாரத்தை நடுப்பக்கம் நகர்த்திக் கட்டித் திருப்புங்கள். எடை ஒன்றுதான், கைக்கு வரும் வேலை பாதிகூட இருக்காது. மிட்-இன்ஜின் வண்டியின் மர்மம் முழுவதும் அந்தக் கழியில் இருக்கிறது. காரிலேயே கனமான சாமானைக் கொண்டுவந்து இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது கையில் தெரிவதைவிட இடுப்பில் தெரிவதுதான். நீளமான பானட் உள்ள காரில் மூக்கு எங்கோ தூரத்தில் திரும்பும், நாம் பின்னால் இழுபட்டுப் போவோம். இதில் வண்டி சுழலும் அச்சு ஏறக்குறைய நம் இடுப்புக்குப் பக்கத்தில். நாமே திரும்புவதுபோல இருக்கிறது.

எல்லோரும் சண்டை போடும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1996-இல் வந்த முதல் பாக்ஸ்டரில் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், அதாவது எண்ணெய் அழுத்தம் கைக்கு உதவும் வகை. 2012-இல் வந்த தலைமுறையில் மின்சார ஸ்டீயரிங்குக்கு மாற்றினார்கள். நான் இரண்டையும் நிறைய ஓட்டியிருக்கிறேன். நேர்ச்சாலையில் அந்தச் சின்னச்சின்ன முணுமுணுப்பு புதியதில் குறைந்துவிட்டது, உண்மை. ஆனால் வளைவில் சாயும்போது கனம் ஏறிவரும் விதம் புதியதில் கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. "மின்சார ஸ்டீயரிங் வந்தது, எல்லாம் செத்தது" என்பவர்களில் பாதிப்பேர் ஓட்டாமலே சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம். அதே சமயம் மெக்லாரன் 720எஸ்-இலும் லோட்டஸ் எமிராவிலும் ஹைட்ராலிக்கை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இல்லாமலும் இல்லை.

டிராக்கில் பயிற்சி தருபவர்

வணக்கம். என்னிடம் வருபவர்கள் எல்லோருக்கும் ஒரே பயம், "சார், வால் வீசிடுமா?" என்று. முதல் சுற்றில் நடப்பது நேர் எதிர். வால் சமர்த்தாக வரும், மூக்குதான் திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

இந்த வண்டிகளில் முன்சக்கரங்கள் மேல் உள்ள எடை நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து சதவீதம். 2017-இல் வந்த ஆல்பைன் ஏ110-ஐ எடுத்துக்கொண்டால் 44-க்கு 56. பின் டயர் அகலமும் பெரும்பாலும் அதிகம். முதல் எலிஸில் முன்னால் 185, பின்னால் 205 மில்லிமீட்டர். பிரேக்கை முழுவதும் விட்டுவிட்டு, காலில் எதுவும் இல்லாமல் ஸ்டீயரிங்கை மட்டும் திருப்பினால் அந்த லேசான முன் டயர் எதைப் பிடித்துத் திரும்பும்? அதனால் நான் முதலில் சொல்லித்தருவது பிரேக்கை விடும் கலை. வளைவுக்கு முன் அழுத்திய பிரேக்கைச் சட்டென்று விடாமல், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு தளர்த்திக்கொண்டே போக வேண்டும். எடை முன்பக்கம் சாய்ந்திருக்கும்வரை மூக்கு கேட்ட இடத்துக்கு வரும். சரியாகச் செய்பவர்களின் முகத்தில் அந்த வளைவிலேயே ஒரு சிரிப்பு வரும், கண்ணாடி போட்ட ஹெல்மெட்டுக்குள்ளும் தெரியும்.

ஸ்டீயரிங் பற்றிக் கேட்டீர்கள். பிடி குறையும்போது ஸ்டீயரிங் கனக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வளைவில் கனம் ஏறிக்கொண்டே வரும், ஒரு இடத்தில் ஏறுவது நிற்கும், அப்புறம் லேசாக ஆரம்பிக்கும். முன் டயரின் பிடி உச்சத்தைத் தொடும் முன்பே இது நடந்துவிடும். அதாவது, கையில் லேசாகும் அந்தக் கணத்தில் டயரிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நல்ல ஸ்டீயரிங் உள்ள வண்டி இதை மறைக்காமல் சொல்லும். மாணவர்களை ஒரு சுற்று மெதுவாக, பேச்சே இல்லாமல் ஓட்டச் சொல்லி, லேசாகும் இடத்தில் "இப்போ" என்று மட்டும் சொல்லச் சொல்வேன். முதலில் யாருக்கும் வராது. மூன்றாவது சுற்றில் வந்துவிடும்.

ஒருமுறை சுழன்றவர்

இங்கே எல்லோரும் ஸ்டீயரிங்கைப் புகழ்கிறீர்கள். நான் அதை நம்பித்தான் கெட்டேன்.

பழைய இரண்டு சீட் மிட்-இன்ஜின் வண்டி. எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை, தப்பு என்னுடையது. பந்தயப் பாதையில் நம் வண்டியை ஓட்டவிடும் டிராக் நாள், காலையில் மழை பெய்து விட்டிருந்தது. பாதை காய்ந்துகொண்டிருந்தது, வளைவுகளின் உள்ளோரத்தில் மட்டும் ஈரம். நீளமான வலது வளைவு. ஸ்டீயரிங்கில் கனம் நன்றாக இருந்தது. முன் டயர் கவ்விப் பிடித்திருப்பது விரல் நுனிவரை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வேகம் தாங்கும் என்று கை சொன்னது. பொய் சொல்லவில்லை, முன் டயர் தாங்கியிருக்கும்.

வளைவின் நடுவில் ஈரத் திட்டு கண்ணில் பட்டது. கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டது. அவ்வளவுதான். எடை முன்னால் பாய்ந்தது, பின் டயர் லேசானது, போதாததற்கு பின் டயர்களுக்கு நல்ல வயது. கையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே சீட் பக்கவாட்டில் நழுவுவதுபோல இருந்தது, சோபாவை யாரோ நகர்த்துவதுபோல. அதை உணர்ந்து, இது என்ன என்று யோசித்த நேரத்தில் வண்டி நன்றாகவே பக்கவாட்டில் திரும்பியிருந்தது. எதிர்ப்பக்கம் திருப்பினேன். பிடித்தும்விட்டேன். ஆனால் திருப்பியதைத் திரும்ப எடுக்கத் தாமதமாகிவிட்டது, வால் மறுபக்கம் வீசி, இம்முறை அரைச் சுற்று. புல்லில், வந்த திசையைப் பார்த்து நின்றது. இன்ஜின் அணைந்திருந்தது. வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

முன் டயரைப் பற்றித்தான் கைக்குத் தெரியும். பின் டயரின் செய்தி இடுப்புக்குத்தான் வரும். மிட்-இன்ஜின் வண்டியில் கை அவ்வளவு வாயாடியாக இருப்பதால் இடுப்பின் பேச்சை யாரும் கேட்பதில்லை. திரும்பத் தயங்காத வண்டி சுழலவும் தயங்காது. முன் இன்ஜின் வண்டியில் வால் கிளம்பினால் யோசிக்க நேரம் கிடைக்கும். இதில் உடம்புக்குத் தெரிந்திருந்தால் உண்டு.

டிராக்கில் பயிற்சி தருபவர்

மேலே எழுதிய நண்பர் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது வீச்சில்தான் பெரும்பாலோர் போகிறார்கள். முதல் சறுக்கலைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் கை அங்கேயே நின்றுவிடுகிறது.

1989-இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2-வுக்கு இந்தக் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டதும், பிறகு டொயோட்டாவே சஸ்பென்ஷனையும் டயர் அளவையும் மாற்றியதும் பலருக்குத் தெரியும். ஆனால் அதே வண்டியைப் பல வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர்களையும் எனக்குத் தெரியும். வளைவின் நடுவில் காலை வெடுக்கென்று எடுக்கக் கூடாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் கண்ணாடிக் கிண்ணத்தைக் கீழே வைப்பதுபோல எடுக்க வேண்டும்.

பழைய வண்டிப் பிரியர்

நேர்ச்சாலையை யாரும் பேசவில்லையே. 1966-இல் வந்த லம்போர்கினி மியூராவில் பெட்ரோல் டேங்க் முன்பக்கம். ஏற்கெனவே அதிவேகத்தில் மூக்கு காற்றில் தூக்கும், பெட்ரோல் குறையக் குறைய இன்னும் லேசாகும். அந்த அழகுக்கு அப்படி ஒரு குணம். பின்னால் வந்த பல மிட்-இன்ஜின் வண்டிகளில் டேங்க்கை சீட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைத்ததால், நிறைந்திருந்தாலும் காலியானாலும் எடைச் சமநிலை பெரிதாக மாறுவதில்லை. என் வண்டி அந்த வகைதான். இருந்தாலும் பக்கக் காற்று அடிக்கும் பாலத்தில் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான் இருக்கும்.

மாற்றுக் கருத்துக்காரர்

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இந்தப் பேசும் ஸ்டீயரிங் மோகம் பிடிபடவில்லை. 1953-லிருந்து ஏழு தலைமுறை இன்ஜினை முன்னால் வைத்திருந்த ஷெவ்ரோலே கார்வெட், 2020 மாடலில்தான் அதைப் பின்னுக்குக் கொண்டுவந்தது. அதை நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினேன். மின்சார ஸ்டீயரிங், ஒரு கல்லும் கைக்குத் தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது! திருப்பினால் உடனே திரும்புகிறது, அந்தக் குணம் அப்படியே இருக்கிறது. சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் என்னிடம் தன் சுயசரிதையைச் சொல்ல வேண்டுமா என்ன?

என்எஸ்எக்ஸ் ஓட்டியவர்

சொல்ல வேண்டும் சார், அதற்குத்தான் அந்த வண்டி! 1990 ஹோண்டா என்எஸ்எக்ஸ், மேனுவல் கியர், பவர் உதவி இல்லாத ஸ்டீயரிங். உருவாக்கும் நாட்களில் ஜப்பானின் சுசுகா பந்தயப் பாதையில் ஃபார்முலா 1 வீரர் அயர்டன் சென்னா ஓட்டிப் பார்த்துச் சட்டத்தின் விறைப்புப் போதாது என்று சொன்ன பிறகு இன்னும் விறைப்பாக்கினார்கள். அந்த விறைப்பு எதற்கு என்பது ஓட்டும்போதுதான் புரிகிறது. சட்டம் முறுக்கிக்கொண்டால் ஸ்டீயரிங் சொல்வது குழறிவிடும். பானட் அவ்வளவு தாழ்வு, சாலை கண்ணாடிக்கு அடியிலேயே தொடங்குவதுபோல இருக்கும். நிறுத்தும்போது மட்டும் தோள்பட்டை வலிக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இழையைத் தொடங்கியவர்

நேற்று அதே எலிஸை நண்பரிடம் மறுபடி இரவல் வாங்கி டிராக்கில் ஓட்டினேன். நீங்கள் எழுதியதெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடது வளைவு, பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே திருப்பினேன். கனம் ஏறியது, நின்றது, ஒரு மயிரிழை லேசானது. "இப்போ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வலது கால் தூக்கிக்கொள்ளத் துடித்தது. தூக்காமல் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கினேன், வண்டி தன்பாட்டுக்கு அகலமாகப் போய் வளைவை முடித்தது. பெருமையோடு அடுத்த வளைவுக்குப் போனால், அங்கே காலை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். சீட் நழுவியது. நல்லவேளை, வேகம் இல்லை. இடுப்புக்குத் தெரிந்ததும் கை போய்விட்டது, எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

சுழன்ற நண்பரிடம் ஒரு கேள்வி. டயர் மாற்றிய பிறகு அந்த வளைவுக்குத் திரும்பப் போனீர்களா? போயிருந்தால் எழுதுங்கள்.

ஒருமுறை சுழன்றவர்

போனேன். பின்னால் இரண்டும் புது டயர். அந்த இடம் வந்ததும் முதல் மூன்று சுற்றும் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் கொன்றுவிட்டேன். நான்காவது சுற்றில் வேகத்தோடு போனேன். கால் அசையவில்லை. ஆனால் கியர் மாற்றவும் மறந்துவிட்டேன், இன்ஜின் காதுக்குப் பின்னால் அலறிக்கொண்டே வந்தது.