பன்னாட்டு அமைப்புகள், நகர வளர்ச்சி, பொருளாதாரம்: மூன்றையும் ஒரே இழையில் நடத்துவது எப்படி?

கேள்வி: பிளஸ்டூ_பொருளியல்

வணக்கம். பிளஸ் டூ பொருளியலில் பன்னாட்டுப் பொருளாதார அமைப்புகள் பாடம் எடுக்கும்போது வரும் சிக்கல் இது. பிரெட்டன் உட்ஸ் 1944, உலக வர்த்தக அமைப்பு 1995, தலைமையகம் ஜெனீவா என்று பிள்ளைகள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். “சரி, ஜெனீவாவில் ஒரு விதி மாறினால் இங்கே ஓர் ஊரில் வீட்டு வாடகை ஏன் ஏறுகிறது?” என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. நகரமயமாதல் புவியியல் புத்தகத்தில் தனியாகக் கிடக்கிறது, இந்த அமைப்புகள் இங்கே தனியாகக் கிடக்கின்றன.

வகுப்பில் 42 பேர், தமிழ் வழி. 45 நிமிடப் பாடவேளை ஐந்து ஒதுக்கலாம். ப்ரொஜெக்டர் இல்லை. சார்ட் பேப்பரும் கரும்பலகையும்தான். எந்த ஊரை எடுப்பது, எந்த வரிசையில் போவது, எங்கே சறுக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1: நொய்யல்கரை

திருப்பூரை எடுங்கள். சென்னையில் துறைமுகம், கார், ஐ.டி., அரசு அலுவலகம் என நூறு நூல் சிக்கிக் கிடக்கும். பிள்ளைகளால் ஒன்றைப் பிரித்து இழுக்க முடியாது. திருப்பூரில் பனியன்தான் ஊர். ஒரு நூலை இழுத்தால் என்னென்ன அசைகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

முதல் பாடவேளைக்கு ஒரு டி-ஷர்ட் போதும். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று விற்கிறார்களே, அதில் ஒன்றை வரவழைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுத் தையலில் சின்னதாக ஒரு சலவைச் சீட்டு தொங்கும். ஐந்தாறு மொழியில் எழுத்து, துணியில் பருத்தி எத்தனை சதவீதம், எந்த நாட்டில் செய்தது. சிலவற்றில் யூரோ விலையே ஒட்டியிருக்கும். அதை வரிசை வரிசையாகக் கைமாற்றிவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்தச் சீட்டில் ஒவ்வொரு வரியையும் எழுதச் சொன்னது யார்?” வாங்குபவர், வாங்கும் நாட்டின் சட்டம், சுங்கத்துறை என்று ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அமைப்பின் பெயரை இன்னும் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் பாடவேளை கோட்டா. பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டுகிற இடம் இது. நிறுத்தி நிதானமாக நடத்துங்கள். 1974 முதல் பல்லிழை ஒப்பந்தப்படி, எந்த நாட்டிலிருந்து எந்த வகைத் துணி எத்தனை உருப்படி வரலாம் என்று பணக்கார நாடுகள் அளவு கட்டியிருந்தன. நம் பக்கம் அந்த அளவைப் பங்கிட்டது ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம். உலக வர்த்தக அமைப்பு வந்ததும் 10 ஆண்டில் இதை நீக்குவதாக ஒப்பந்தம் ஆனது. 1990-ன் இறக்குமதி அளவில் 1995-ல் 16%, 1998-ல் 17%, 2002-ல் 18%, 2005 ஜனவரி 1-ல் மீதி 49%.

கரும்பலகையில் 100 செ.மீ. கோடு போட்டு 16, 33, 51 என்ற இடங்களில் வெட்டச் சொல்லுங்கள். கடைசித் துண்டு ஏறத்தாழப் பாதிக் கோடு. “10 ஆண்டு அவகாசம் என்கிறார்கள், ஏன் பாதியைக் கடைசி நாளுக்கு வைத்தார்கள்?” என்று கேட்டால் யாராவது ஒரு பிள்ளை பிடித்துவிடும்: எதை முதலில் திறப்பது என்று முடிவு செய்தது இறக்குமதி செய்யும் நாடு. தன் ஆலைகளுக்கு வலிக்காத சரக்கை முதலில் திறந்துவிட்டு, வலிக்கும் ஆடைகளைக் கடைசிவரை இழுத்துப் பிடித்தது. விதி ஒன்றுதான், அதற்குள் பேரம் எப்படி ஒளிந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மூன்றாம் பாடவேளையில் சார்ட். ஆறு குழு, குழுவுக்கு ஏழு பேர். நடுவில் “ஆர்டர்” என்று எழுதி ஆரம்பிக்கலாம். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்துவது), கட்டிங், பவர்டேபிள் (தையல்), காஜா பட்டன், செக்கிங், பேக்கிங் எல்லாம் தனித்தனி ஜாப் ஒர்க் (பிறர் சரக்குக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும்) இடங்கள். ஆகவே ஆர்டர் கூடினால் ஒரே பெரிய ஆலை எழும்புவதில்லை. தெருத்தெருவாகச் சின்னப் பட்டறைகள் பெருகும். ஆள் தேவை, வெளி மாவட்டமும் ஒடிசாவும் பீகாரும், பிறகு லைன் வீடு (வரிசையாகக் கட்டிய சிறு வாடகை வீடுகள்), வாடகை, தண்ணீர், கழிவு.

இங்கே ஒரு கட்டுப்பாடு கட்டாயம்: அம்புக்குறி போட்டால் அதன் மேல் வினைச்சொல் எழுத வேண்டும். “ஆர்டர் → வாடகை” என்று போட்டால் ஏற்காதீர்கள். “ஆர்டர் → (ஆள் கூப்பிடுகிறது) → தொழிலாளர் → (அறை தேடுகிறார்) → வாடகை” என்று வந்தால்தான் மதிப்பெண். “உலகமயமாக்கலால்” என்ற சொல்லுக்கு அந்தப் பாடவேளை முழுவதும் தடை போடுங்கள். எல்லா ஓட்டையையும் அடைக்கப் பிள்ளைகள் எடுக்கும் களிமண் அது.

நான்காம் பாடவேளை தண்ணீர். சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே கரூர் வரை விவசாயம் கெட்டது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது கட்டாயமானது. இதில் பிள்ளைகள் எதிர்பார்க்காத ஒரு திருப்பம் உண்டு. தொழிற்சாலைகளும் ஊரும் சேர்ந்து வாங்கும் என்று கணக்குப் போட்டு, நாளுக்கு 185 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் குடிநீர்த் திட்டத்தைத் தனியார் பங்கேற்போடு கட்டியிருந்தார்கள். தொழிற்சாலைக்கு அதிக விலை, வீட்டுக்குக் குறைந்த விலை. பட்டறைகள் மூடியதும், திறந்தவை பழைய நீரையே சுழற்றியதும் புதுத் தண்ணீர் வாங்குவது குறைந்தது. ஆற்றுக்கு நல்லது, திட்டத்தின் வரவுக்கு அடி. சார்ட்டில் இந்த அம்பு பின்னோக்கி வளைந்து வர வேண்டும். வளையும் அம்பு குறைந்தது இரண்டாவது இல்லாத சார்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதில் 2: கணக்கெடுப்பாளர்

மேலே உள்ள திட்டம் நல்ல திட்டம். ஆனால் அப்படியே நடத்தினால் “2005-ல் கோட்டா போனது, திருப்பூர் வளர்ந்தது” என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும். அது தவறு. ஐந்தாம் பாடவேளையை இந்தத் தவறை உடைக்கவே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய நகராட்சி எல்லைக்கான மக்கள்தொகையைப் பலகையில் எழுதுங்கள்: 1971-ல் 1.13 லட்சம், 1981-ல் 1.65 லட்சம், 1991-ல் 2.35 லட்சம், 2001-ல் சுமார் 3.45 லட்சம், 2011-ல் 4.44 லட்சம். பத்தாண்டு வளர்ச்சி விகிதத்தை அவர்களே போடட்டும். 1971–81-ல் சுமார் 46%, அடுத்த பத்தாண்டில் சுமார் 43%. கோட்டா நீங்கிய 2001–11-ல் சுமார் 29%தான்! வகுப்பு குழம்பும். அந்தக் குழப்பம்தான் பாடம்.

இரண்டு விடைகள். ஒன்று, ஊர் ஜெனீவாவுக்காகக் காத்திருக்கவில்லை. கோட்டா இருந்த காலத்திலேயே வேகமாக வளர்ந்தது. கொங்குப் பகுதியின் பருத்தி, ரயில் பாதை, விவசாயத்திலிருந்து பட்டறைக்கு வந்த முதலீடு, உறவு நம்பிக்கையில் ஓடும் ஜாப் ஒர்க் எல்லாம் முன்பே இருந்தன. விதி மாறும்போது பிடித்துக்கொள்ள ஊர் தயாராக இருந்தது என்பதே சரியான வாக்கியம். இரண்டு, பழைய எல்லைக்குள் இடம் தீர்ந்ததால் பெருக்கம் வேலம்பாளையம், நல்லூர் பக்கம் வழிந்தது. அவற்றை மாநகராட்சியோடு இணைத்த எல்லைக்கு அதே 2011 கணக்கெடுப்பில் 8.77 லட்சம். ஒரே ஆண்டு, ஒரே ஊர், இரண்டு எண். எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் எல்லை எதுவென்று எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைத்தே ஆக வேண்டும்.

சென்னையிலும் இதே பொறி. 174 சதுர கி.மீ. எல்லைக்கு 2011-ல் 46 லட்சத்துச் சொச்சம்; 426 சதுர கி.மீ. எல்லைக்கு சுமார் 67 லட்சம். மக்கள்தொகைப்படி ஐ.நா. போடும் உலக நகரங்களின் பட்டியலும் விதிவிலக்கல்ல. 2018 பதிப்பில் டோக்கியோ முதலிடம். எல்லா நாட்டுக்கும் ஒரே வரையறையை வைத்துக் கணக்கிட்ட 2025 பதிப்பில் ஜகார்த்தா முதலிடம், டாக்கா இரண்டாமிடம். டோக்கியோ அதற்குள் காலியாகிவிடவில்லை. நகரம் எங்கே முடிகிறது என்று அளக்கும் முறை மாறியது. பன்னாட்டு அமைப்பு என்றால் கடனும் விதியும் மட்டுமா? எதை எப்படி எண்ணுவது என்று தீர்மானிப்பதும் அதன் வேலைதான். புத்தகத்தில் இது இல்லை, நீங்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதில் 3: கடன்_கணக்கு

வர்த்தக விதிப் பக்கம் பேசியாயிற்று, பணப் பக்கம் விட்டுப்போனது. பிள்ளைகள் வழக்கமாக மூன்று இடத்தில் சறுக்குவார்கள்.

ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நிதியம்) சாலை போடாது. அந்நியச் செலாவணி வறண்ட நாட்டுக்குக் கைகொடுப்பது அதன் வேலை. 1991 ஜூலை முதல் வாரத்தில் நாம் ரூபாய் மதிப்பைக் குறைத்தபோது டாலர் சுமார் 21 ரூபாயிலிருந்து 26-க்குப் போனது. 3 டாலர் சட்டை விற்றவருக்கு 63 ரூபாய் வந்த இடத்தில் 78 ரூபாய். இதைப் போட்டுக் காட்டிவிட்டு, “அப்படியானால் எல்லோருக்கும் லாபமா?” என்று கேளுங்கள். வெளிநாட்டு நிட்டிங் மெஷினும் அதே அளவு விலை ஏறியது என்று அவர்கள் வாயாலேயே வர வேண்டும்.

அடுத்து, ஜைகா பன்னாட்டு அமைப்பு அல்ல. ஜப்பான் அரசின் நிறுவனம். ஆசிய வளர்ச்சி வங்கி (மணிலா), ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி (பெய்ஜிங்), புதிய வளர்ச்சி வங்கி (ஷாங்காய்) ஆகியவை பல நாடுகள் பங்கு போட்டவை. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு இந்த இரு வகையும் சேர்ந்து கடன் கொடுக்கின்றன. ஆகவே ஒரே திட்டத்தில் வேறுபாட்டைக் காட்டலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: கடனை யார் அடைக்கிறார்? மாநிலம் வெளிநாட்டில் நேரடியாகக் கடன் வாங்க முடியாது. மத்திய அரசு வாங்கிக் கொடுக்கும். 12-ஆம் நிதிக்குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2005 முதல் தமிழ்நாடு போன்ற பொதுப் பிரிவு மாநிலங்களுக்கு அந்தக் கடன் வந்த நிபந்தனையோடு அப்படியே கைமாறுகிறது. அந்நிய நாணயம் ஏறினால் சுமை மாநிலத்துக்கு. எடுத்துக்காட்டாக 100 கோடி யென் கடன்: ஒரு யென் 55 காசு என்றால் 55 கோடி ரூபாய், 65 காசு ஆனால், ஒரு செங்கல் கூடக் கூடாமல், 65 கோடி. கட்டணம் முழுவதும் ரூபாயில் வருகிறது, கடன் யெனில் நிற்கிறது என்பதைப் பலகையில் இரண்டு பத்தியாக எழுதுங்கள்.

118.9 கி.மீ., 63,246 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்த இரண்டாம் கட்டத்தை 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை மத்தியத் திட்டமாக ஏற்றது. அதே வங்கிகள், அதே தண்டவாளம். ஆனால் அதுவரை மாநிலக் கணக்கில் வைத்திருந்த வெளிநாட்டுக் கடன் மத்திய அரசின் கடனாக மாறியது. தலைப்புச் செய்தியை மட்டும் படித்தால் இது தெரியாது.

நேரம் மிஞ்சினால் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்றையும் சொல்லுங்கள். 1977-ல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் உலக வங்கிக் கடனோடு அங்கே முழு வீடுகளுக்குப் பதில் சாலை, தண்ணீர், வடிகால் போட்ட மனைகளைக் கொடுத்தார்கள். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்றுச் சிறிய மனைக்கு ஈடுகட்டினார்கள். மக்கள் கையில் காசு சேரச் சேர மாடி ஏற்றினார்கள். வாஷிங்டனில் இருக்கும் உலக வங்கியின் கொள்கை ஒரு தெருவின் வடிவமாக நிற்பதைப் பேருந்தில் போய்ப் பார்க்க முடியும்.

பிளஸ்டூ_பொருளியல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சந்தேகம். “கோட்டா போன பிறகு எல்லோருக்கும் ஒரே விதிதானே, அப்புறம் வங்கதேசம் எப்படி முந்தியது?” என்று நிச்சயம் கேட்பார்கள். கூலி குறைவு என்று மட்டும் சொன்னால் போதுமா?

நொய்யல்கரை

போதாது. கூலி ஒரு காரணம்தான், சுங்கவரியையும் சேருங்கள். வங்கதேசம் 1975 முதல் ஐ.நா.வின் குறைவளர்ச்சி நாடுகள் பட்டியலில் உள்ள நாடு. அந்தப் பட்டியலில் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் ஆயுதம் தவிர மற்றவற்றுக்கு வரியில்லாமல் கதவு திறந்தது. நம் ஆடைக்கோ சலுகை போகவும் 9.6% என்பதே நெடுங்காலம் இருந்த நிலை. 3 யூரோ சட்டைக்கு 28.8 சென்ட், ஒரு லட்சம் உருப்படி ஆர்டருக்கு 28,800 யூரோ. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். இத்தனை வித்தியாசத்தைத் தையல் திறமையால் மட்டும் ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள். 2011-ல் இன்னொரு தளர்வும் வந்தது: துணி எங்கிருந்து வந்தாலும் தைப்பது அந்த நாட்டில் நடந்தால் சலுகை உண்டு. இந்தியப் பருத்தியும் நூலும் டாக்கா போய்ச் சட்டையாகி ஐரோப்பா போகும் வழி இப்படித்தான் அகலமானது.

பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற 2026 நவம்பர் 24 என்று ஐ.நா. பொதுச்சபை 2021-ல் நாள் குறித்தது. தேர்வுக் கேள்வியாக இதையே வையுங்கள்: “பட்டியலில் ஒரு பெயர் நீங்கினால் திருப்பூர் லைன் வீட்டு வாடகை எந்தப் பக்கம் நகரும்? ஆறு அம்புக்குள் காட்டுக. எந்த அம்பு அறுந்துபோகக்கூடும் என்றும் குறிக்க.” ஐந்து மதிப்பெண் அம்புகளுக்கு, மூன்று அறுந்துபோகும் அம்புக்கு. பின்னதைச் சரியாக எழுதும் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது. அம்புகளைச் சரியாகப் போட்டுவிட்டு இதை மட்டும் வெற்றாக விடுபவர்களுக்கு மறுநாள் பதில் 2-ல் உள்ள 29% கணக்கை மறுபடி கொடுங்கள்.