தோட்டத்துக்கு விளக்கு போடணும்: சோலாரா, வயரா, எத்தனை?

கேள்வி (புதுமுற்றம்)

கேட்டிலிருந்து வாசல் வரை ஒரு நடைபாதை, நடுவில் இரண்டு படி, ஓரமாக நன்றாகப் படர்ந்த பெரிய மரம் ஒன்று. இப்போதைக்குச் சுவரில் ஒரு ஃப்ளட் லைட் மட்டும்தான். போட்டால் கண் கூசுகிறது, அணைத்தால் படி தெரியவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்ன விளக்குகள் நடலாமா? சோலாரே போதுமா? 12 வோல்ட் போடச் சொல்கிறார்களே, அதில் என்ன லாபம்?

பதில் (இருட்டுப்பிரியன்)

இரண்டு பக்கமும் நேருக்கு நேர் நட்டால் விளக்குதான் தெரியும், தோட்டம் தெரியாது. ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள், ஒன்றின் வெளிச்சம் தேயும் இடத்தில் அடுத்தது தொடங்கினால் போதும். முதல் செலவு படிக்குத்தான். பல்பு கண்ணில் படாமல், வெளிச்சம் மட்டும் படியின் விளிம்பில் விழ வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு ராத்திரி அந்த ஃப்ளட் லைட்டை அணைத்துவிட்டு, யாரையாவது டார்ச்சோடு மரத்தடியில் நிற்கச் சொல்லி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். படர்ந்த மரத்துக்கு அடிமரத்தை ஒட்டி ஒரே விளக்கு வைத்தால் கீழே தண்டு மட்டும் பளிச்சென்று இருக்கும், மேலே கிளையெல்லாம் இருட்டு. கொஞ்சம் தள்ளி இரண்டு வையுங்கள், 36 முதல் 60 டிகிரி வரை விரியும் வகை. 15 டிகிரி வகையெல்லாம் ஒல்லியாக உயர்ந்த மரத்துக்கு. நிறம் 2700 கெல்வின், அதாவது மஞ்சள் கலந்த வெளிச்சம், போதும். நீலம் கலந்த வெள்ளையான 6500 போட்டால் இலை வெளிறித் தெரியும், பூச்சியும் கூடுதலாக வரும்.

பதில் (வயர்மேன்)

12 வோல்ட்டில் லாபம் பாதுகாப்புதான். மண்வெட்டி தவறி வயரில் பட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தூரம் போகப் போக வோல்டேஜ் இறங்கும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 30 வாட் லோடு 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள், 2.5 ஆம்பியர் ஓடும். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் என்றால் போக வர 60 மீட்டரில் சுமார் 1.8 வோல்ட் போய்விடும், கடைசியில் 10.2தான் மிச்சம். 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டால் இழப்பு 1.1 வோல்ட்டாகக் குறையும். உள்ளே டிரைவர் (கரன்ட்டைச் சீராக வைக்கும் சர்க்யூட்) வைத்த எல்இடி சிலது சமாளிக்கும், மற்றதெல்லாம் மங்கும். அதனால் வீட்டு கரன்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரை விளக்குகளுக்கு நடுவாக வையுங்கள். அதன் வாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

மண்ணுக்குள் போகும் ஜாயின்ட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீண் வேலை, ஜெல் நிரப்பிய கனெக்டர்தான் தாங்கும். தூசி, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி எண்ணைப் பாருங்கள்: மழையில் நிற்பதற்கு ஐபி65 போதும், தரையில் புதைப்பது ஐபி67 ஆக இருக்கட்டும், அடியில் ஜல்லி போட்டுத் தண்ணீர் வடிய வழி விடுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் மெயின் லைனை மட்டும் நீங்களே தொட வேண்டாம், கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோடு எலக்ட்ரீஷியன் போடட்டும்.

புதுமுற்றம்

சரி, அப்போ சோலார் வேண்டவே வேண்டாமா?

பதில் (இருட்டுப்பிரியன்)

பாதை எங்கே திரும்புகிறது என்று காட்ட வைத்துக்கொள்ளலாம். படிக்கு அதை நம்பாதீர்கள், மர நிழலில் சார்ஜே ஏறாது, மேகமூட்டம் தொடர்ந்தால் பாதி ராத்திரியில் அணைந்துவிடும். அப்புறம், வயர் விளக்குக்கு இருட்டினால் தானே எரியும் சென்சார் போடுவதாக இருந்தால் அந்த விளக்கின் வெளிச்சமே சென்சார் மேல் விழக் கூடாது, விழுந்தால் அணைந்து அணைந்து எரியும். மரத்து விளக்குக்குத் தனி டைமர் வைத்து, படுக்கப் போகும் நேரத்தில் அணைத்துவிடுங்கள், பறவைகள் அங்கேதானே தூங்குகின்றன.

பதில் (வயர்மேன்)

பாதைக்கு இன்னும் கல் பதிக்கவில்லை என்றால் குறுக்கே ஒரு பிவிசி பைப்பைப் புதைத்து, உள்ளே கயிறு ஒன்றை விட்டு, இரண்டு முனையையும் மூடி வையுங்கள். பின்னால் வயர் இழுக்கக் கல்லைப் பெயர்க்க வேண்டி வராது.