மறு: நீர்புகா கமெராவா, மழைதாங்கு கமெராவா?

> அகராதிக்கு, "weather-resistant camera" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு "வானிலை எதிர்ப்புக் கமெரா" என்றே வைத்துவிடலாம். மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

தம்பி, மூலத்துக்கு நெருக்கம்தான், நமக்குத்தான் தூரம். எங்கள் பத்திரிகைகளில் மழை பெய்தாலே "சீரற்ற காலநிலை". அந்தப் பழக்கத்தில் யாராவது "காலநிலை எதிர்ப்புக் கமெரா" என்று மாற்றி எழுதினால், ஊர்வலத்துக்குத் தூக்கிப்போகிற சாமான் என்று நினைப்பார்கள்.

"நீர்புகா" வேண்டவே வேண்டாம். ஹட்டனில் கலியாணப் படம் பிடிக்கிறவன் நான். அந்தச் சொல்லை நம்பி, மஸ்கெலியாவில் ஆடி மழையில் அரைநாள் கமெராவைத் தோளில் தொங்கவிட்டுத் திரிந்தேன். உடற்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாட்டியிருந்த லென்ஸ் மலிவானது, பொருந்துகிற இடத்தில் றப்பர் வளையம் இல்லாதது. தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிட்டது. உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை: பற்றரி மூடி, காட் மூடி, பொத்தான்கள் என்று இடுக்குக்கு இடுக்கு வொஷர். பைப் வொஷர் மாதிரி அதுவும் நாள்பட்டால் தேயும்.

கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் புதுப் படங்கு வாங்கும்போது "மழை தாங்குமா?" என்றுதான் கேட்பார்கள். தாங்கும் என்றால் அடுத்த கேள்வி, எவ்வளவு நேரம்? "புகா" அந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது. ஆகவே என் வாக்கு "மழைதாங்கு".

அந்த "எவ்வளவு"க்கு அளவுகோலும் இருக்கிறது. ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-1 கமெராவுக்கு, தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி அளவுகோலில் ஐபி53 தரம்: 5 தூசிக்கு, 3 தண்ணீருக்கு. 3 என்றால் செங்குத்திலிருந்து 60 பாகைச் சாய்வு வரை விழும் தூறல். ஹோட்டன் சமவெளியில் "உலக முடிவு" என்கிற மலை விளிம்புக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஈரம் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வரும்!

> மழை சரி, அண்ணா. பனி, குளிர்? "மழைதாங்கு" என்றால் அவை விடுபடுமே. — பண்டாரவளை

விடுபடட்டும், டீச்சர். வொஷர் குளிரைத் தடுக்காது. குளிரில் சோர்வது பற்றரி. உள்ளே மின்னேற்றத் துகள்களான அயன்கள் மெதுவாகத்தான் நகரும், உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கினால் கொஞ்சம் உயிர் வரும். பல கமெராக் கையேடுகள் 0 முதல் 40 பாகை செல்சியஸ் என்கின்றன. தை மாதம் நுவரெலியாவில் புல் வெளுத்துக் கிடக்கும் விடியல்களில் நாம் அந்த 0-இன் விளிம்பில்தான் நிற்கிறோம். ஓஎம்-1 போல -10 வரை போவதற்குத் தனியாகக் "குளிர்தாங்கு" என்று சொல்வோம்.

பனிதான் வில்லங்கம். நமக்குப் பனி என்றால் மூடுபனி, புல்லில் நிற்கும் பனி. கனடாவில் விழுகிறதையும் அதே சொல்லால் எழுதினால் வாசிப்பவருக்குக் குழப்பம். அது காய்ந்த தூளாக இருந்தால் தட்டிவிடலாம், நம்முடையது தொட்டவுடன் நனைக்கும். கனடாவில் விழுகிறதற்கு "வெண்பனி" போதும்.

> ஏற்கிறேன். ஆனால் வரைவிலக்கணத்தில் லென்ஸையும் சேருங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் கண்ணாடி நனைகிறதே, அதற்கு என்ன சொல்?

என் கடைப் பையன் "கமெரா வேர்க்குது" என்பான். "வேர்ப்பு" என்றே போடுவோம். கட்டிய பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே வைத்தால் வேர்ப்பு பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும்.

திருத்திய வரைவு:

மழைதாங்கு (பெயரடை): உடற்பகுதி, லென்ஸ் இரண்டிலும் வொஷர் இட்டது. தூறல் தாங்கும். பீலித் தண்ணீரில் பிடிக்கக் கூடாது.

கடைசி வசனத்தை அகராதிக்காரர்கள் வெட்டுவார்கள். வெட்டும்வரை இருக்கட்டும்.