தப்பும் லெப்டொப்பும்: நீங்கள் எதில் ரெக்கோர்ட் செய்கிறீர்கள்?

ஹட்டன் பக்கத்திலிருந்து:

பாட்டு ரெக்கோர்ட் செய்து மிக்ஸ் பண்ண எந்த மென்பொருள் நல்லது என்று யாராவது கேட்டால் உடனே நாலு பெயர் வந்து விழுகிறது. ஏன் அது என்று ஒருவரும் சொல்வதில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

காமன், ரதி கதையை ஆடும் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தின் பாட்டையும், அதற்கு அடிக்கும் தப்பு மேளத்தையும் ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்று ஒரு மாசி மாதம் இறங்கினேன். கையில் இருந்தது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லெப்டொப், இரண்டு மைக் குத்தி லெப்டொப்புக்குச் சத்தம் அனுப்பக்கூடிய ஒரு இன்டர்ஃபேஸ் பெட்டி. டவுன் கடையில் "எல்லாம் போட்டுத் தாறேன் தம்பி" என்று பெரிய ஸ்டூடியோக்களில் ஓடும் மென்பொருள் ஒன்றின் கிராக்கை ஏற்றித் தந்தார்கள். திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். மூன்றாவது ட்ராக்கிலேயே சத்தம் பொரியத் தொடங்கியது. பிறகு ஒருநாள் வைரஸ் கார்ட் அதன் ஏதோ ஒரு ஃபைலைத் தின்றுவிட, திறக்கவே மாட்டேன் என்றது. திருட்டுப் பொருளுக்கு யாரிடம் போய் முறையிடுவது?

அப்புறம்தான் ரீப்பர் என்ற ரெக்கோர்டிங் மென்பொருளுக்கு வந்தேன். டவுன்லோட் மிகச் சிறியது, போன் டேட்டாவிலேயே இறங்கிவிட்டது. 60 நாள் எந்தக் குறையும் இல்லாமல் முழுதாகப் பாவிக்கலாம். தனிப்பட்ட பாவனைக்கான விலை 60 டொலர். டொலர் 300 ரூபா என்று பார்த்தால் 18,000 ரூபா, சின்னக் காசு இல்லை. 60 நாள் முடிந்த பிறகும் அது பூட்டிக்கொள்ளாது. திறக்கும்போது ஒரு அறிவிப்பு வந்து சில விநாடி காக்க வைக்கும், அவ்வளவுதான். அந்தச் சில விநாடியும் என்னைப் பார்த்து முறைக்கிற மாதிரியே இருக்கும். வெட்கப்பட்டே வாங்கினேன்.

ஆனால் நான் அதில் தங்கியதற்குக் காரணம் விலை இல்லை, தப்பு.

மிஸ்ட், அதாவது பனிமூட்டம், இறங்கும் இரவில் தப்புத் தோல் தொய்ந்துவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, எரித்துக் காய்ச்சி எடுத்தால் முதல் இரண்டு நிமிடம் 'கண்'ணென்று பேசும். கொஞ்ச நேரத்தில் தோல் ஆறி, சுருதி இறங்கி, அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலாகிவிடும். அதனால் ஒரே மூச்சில் பத்து நிமிடம் பதிய முடியாது. காய்ச்சு, அடி, நிறுத்து, மறுபடி காய்ச்சு. ஒவ்வொரு முறை அடித்துப் பதிவதும் ஒரு டேக், ஒரே ட்ராக்கில் ஐந்தாறு டேக் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சேரும். அவற்றில் சூடான துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒட்ட வேண்டும். ரீப்பரில் எஸ் எழுத்தைத் தட்டினால் வெட்டு விழும், எந்த டேக் வேண்டுமோ அதை ஒரு கிளிக்கில் மேலே கொண்டுவரலாம். மற்ற மென்பொருள்களிலும் இந்த வசதி உண்டு. என் லெப்டொப் மூச்சு வாங்காமல் செய்தது இதில்தான்.

இன்னொன்று, கிளிக் சத்தம். முதல் நாள் தப்படிக்கிற மாமாவின் காதில் ஹெட்போனை மாட்டி, ஒரே சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமைப் போட்டேன். நாலு அடி அடித்துவிட்டுக் கழற்றி என் கையில் தந்தார். "காதுக்குள்ள யாரோ செவத்துல ஆணி அடிக்கிறான் தம்பி, நான் எப்படி அடிக்க?" அவர் சொன்னது சரிதான். ஆட்டம் சூடேறினால் அடியும் ஏறும், அதுதான் கூத்து. கிளிக்கை நிறுத்திவிட்டுச் சும்மா பதிந்தேன். பிறகு அவருடைய அடிக்கு ஏற்ப டெம்போவைக் குறித்து, திரையில் தாளம் காட்டும் கட்டங்களை வளைத்தேன். நாலு மணி நேர வேலை.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணே, கூத்துக்கு ரீப்பர் சரி. பீட் செய்கிறவனுக்கு எஃப்.எல். ஸ்டூடியோதான். கட்டம் கட்டமாகத் தட்டி ஐந்து நிமிடத்தில் ஒரு லூப் எழுப்பலாம், அந்த வேகம் எனக்கு வேறு எதிலும் வரவில்லை. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம்.

வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள். விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் குரல் பதிய முடியாது, அதற்கு ப்ரொடியூசர் பதிப்பு வேண்டும். ட்ரையலில் சேவ் செய்யலாம், ஆனால் சேவ் செய்ததைக் காசு கட்டும் வரை திறக்க முடியாது. இதைப் படிக்காமல் மூன்று பாட்டைச் சேவ் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான். எட்டு மாதம் சீட்டுப் போட்டு வாங்கினேன். மூன்றும் அப்படியே திறந்தன. அதில் இரண்டு கேட்கவே சகிக்கவில்லை.

தலவாக்கலையிலிருந்து, ஒரு டீச்சர்:

நீங்கள் எல்லாம் பெரிய ஆட்கள் தம்பி. தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்க எனக்கு ஓடாசிட்டி போதும். முழுக்க இலவசம், பாடசாலையின் பழைய கொம்பியூட்டரிலும் ஓடுகிறது. முன்பெல்லாம் எக்கோ போட்டால் போட்டதுதான், பிடிக்காவிட்டால் அன்டூ செய்ய வேண்டும். 3.2 பதிப்பிலிருந்து பாட்டு ஓடும்போதே எஃபெக்டைக் கூட்டிக் குறைக்கலாம்.

என் பிரச்சினை தகரக் கூரை. மழை விழுந்தால் எந்த மென்பொருளும் கைகொடுக்காது. நொய்ஸ் ரிடக்‌ஷன் என்று ஒன்று உண்டு. வெறும் இரைச்சலைக் கொஞ்சம் தெரிவு செய்து காட்டினால், அதே மாதிரிச் சத்தத்தை மற்ற இடத்திலும் குறைக்கும். ஃபேன் சத்தத்துக்கு நன்றாக வேலை செய்யும். மழை ஒரே சீராக விழுவதில்லையே! கூட்டிப் போட்டதில் பிள்ளைகள் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் நின்று பாடுவது போலாகிவிட்டது. இப்போது காலை முதல் பாடவேளையிலேயே பதிந்துவிடுகிறேன்.

பதுளையிலிருந்து:

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது கோயில் பஜனைக் குழு ஒன்றைப் பதிந்துகொண்டிருந்தேன். பேட்டரி செத்த லெப்டொப். நேரம் குறித்து வைத்தும் பாட்டு இழுத்துக்கொண்டே போக, நடுவில் எல்லாம் இருண்டது. கரண்ட் வந்ததும் திறந்தால் ப்ரொஜெக்ட் பழைய நிலையில் நிற்கிறது. அழாத குறை. பிறகு ஓடியோ ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். வேவ் ஃபைல்கள் அநேகமாக முழுதாக இருந்தன. பதியப் பதிய டிஸ்க்கில் எழுதிக்கொண்டே போகிறது. சேவ் ஆகாமல் போனது ப்ரொஜெக்ட் மட்டும்தான். எந்த மென்பொருள் எடுத்தாலும் தானாகவே சேவ் செய்யும் ஓட்டோ சேவ் வசதியை முதலில் போட்டுவிடுங்கள்.

நான் கேக்வோக் என்ற மென்பொருளைப் பாவித்தவன், விண்டோஸில் மட்டும் ஓடும். 2017இல் கிப்சன் நிறுவனம் அதை நிறுத்தியது, 2018இல் பேண்ட்லேப் வாங்கி இலவசமாக விட்டது. இந்தக் கூத்தைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ட்ராக்குகளைத் தனித்தனி வேவ் ஃபைலாகவும் எடுத்து வைக்கிறேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்றால் ஒரு நிமிடத்துக்கு 9 எம்.பி.கூட வராது. நாளைக்கு எந்த மென்பொருள் செத்தாலும் வேவ் திறக்கும்.

தம்பி, ஒரு கேள்வி. பாடுகிறவருக்கு ஹெட்போனில் தன் குரல் பிந்திக் கேட்கிறது என்கிறார். என்ன செய்ய?

ஹட்டன் பக்கத்திலிருந்து:

பஃபரைப் பாருங்கள் அண்ணே, லெப்டொப் சத்தத்தை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புகிறது என்ற அளவு அது. 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 23 மில்லி செகண்ட் பிந்தும், 128 என்றால் 3 அளவில். இன்டர்ஃபேஸ் வேறு கொஞ்சம் சேர்க்கும். பதியும்போது 128, பொரிந்தால் 256. மிக்ஸ் செய்யும்போது 1024க்கு ஏற்றிவிடுங்கள், லெப்டொப் பாவம். இன்டர்ஃபேஸிலேயே மைக் சத்தத்தை லெப்டொப்பைச் சுற்றாமல் ஹெட்போனுக்கு அனுப்பும் நேரடி மொனிட்டர் பட்டன் இருந்தால் அதைப் போட்டாலே போதும், இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்.

அடியில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எனக்கு அதில்தான் போனது. உங்கள் பேட்டரிக்கு அது சரிவராது, முதலில் ஒரு பேட்டரி வாங்குங்கள்.