ரிட்ஜில் நாம் காப்பது காட்டையா, சீமைக்கருவேலத்தையா?

ஆர்.கே.புரத்தான்:
முருகன் கோயிலான மலை மந்திரின் படியேறும்போது காலடியில் இருப்பது ஆரவல்லி மலைத்தொடரின் பாறை என்பதை தில்லித் தமிழர் பலர் மறந்துவிடுகிறோம். அத்தொடரின் வடமுனையான தில்லி ரிட்ஜ் காட்டில் ஏறத்தாழ 7,777 ஹெக்டேரைக் காப்புக்காடாக்க 1994இல் முதல் அறிவிக்கை வந்தது. இறுதி அறிவிக்கையோ பல்லாண்டுகள் இழுபட்டது. இதற்கிடையே சாலைகளும் குடியிருப்புகளும் காட்டைத் துண்டாடின. துண்டு சிறுக்கச் சிறுக்க ஓரம் மிகுகிறது. அந்த ஓரத்தின் வழியே குப்பையும் களையும் நுழைகின்றன. இனி ஒரு மரமும் வெட்டக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

புரசு:
எந்த மரத்தைச் சொல்கிறீர்கள், ஐயா? நடு ரிட்ஜில் பெரும்பகுதி விலாயதி கீகர், அதாவது ஆங்கிலேயர் காலத்தில் நட்டுப் பரப்பப்பட்ட நம்மூர்ச் சீமைக்கருவேலம். இராமநாதபுரத்தில் அதை வேரோடு பிடுங்கச் சொல்லும் நாம் இங்கே அதைக் காடென்று கும்பிடுகிறோம். 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும் மொத்தத்தில் ஒரு மீட்டர் உயரமும் இருந்தால்தான் அது மரம். கீகர் அந்த அளவை எளிதில் எட்டிவிடும். மழைக்குப்பின் முளைக்கும் புல்லும், பாறையிடுக்கில் குட்டையாய் நிற்கும் கைர்ப் புதரும் எட்டா. மண்ணுக்குரியவை கணக்கிலேயே வராமல் அழிகின்றன.

துவாரகைவாசி:
கீகரும் போனால் மே மாத வெயிலில் நிழல் ஏது?

ஆர்.கே.புரத்தான்:
சட்டத்தின் குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மரத்தைக் களை என்று சொல்லிவிட்டால், அது நிற்கும் நிலமும் மலிவாகிவிடுகிறது; அடுத்து வருவது புல்டோசர்தான். அரியானா எல்லையிலுள்ள ‘மங்கர் பனி’ என்னும் காட்டைப் பாருங்கள். நம்மூர்க் கோயில்காட்டைப் போல, சாமியாருக்குரிய இடமென்று ஊரார் கிளைகூட ஒடிக்காமல் விட்டதால்தான் அங்கே தவ் மரங்கள் இன்றும் அடர்ந்து நிற்கின்றன.

புரசு:
மங்கரில் காக்க நாட்டு மரம் இருந்தது. நடு ரிட்ஜில் சும்மா விட்டால் கீகர்தான் பெருகும். மொட்டையடிக்க நான் சொல்லவில்லை. தலைக்கொப்புகளைக் கழித்து வெயில் விட்டு, அடியில் நாட்டு மரங்களான புரசும் வெள்வேலமும் வளர்ந்தபிறகு கீகரைப் படிப்படியாக எடுக்கலாம். துவாரகை நண்பருக்கு நிழலும் போகாது. வசந்த் விகாரில் சுரங்கம் தோண்டிக் கைவிட்ட நிலத்திலேயே நாட்டு மரங்களை மீட்டிருக்கிறார்களே.

ஆர்.கே.புரத்தான்:
அப்படியானால் உள்ளிருந்து தொடங்கட்டும். சாலையோரத்துக் கீகரைக் கடைசியில் தொடுங்கள். அங்கே வெட்டவெளி தெரிந்தால், உங்கள் புரசு வேர்விடும் முன்பே வண்டி நிறுத்துமிடம் வந்துவிடும்.