மொட்டைமாடி அறைக்கு பஃப் பேனல்: பாலித்தீன் தாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?

கேள்வி: நாகை மாடிவீடு

நாகப்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் வீடு. மொட்டைமாடியில் பன்னிரண்டுக்குப் பதினான்கு அடியில் ஓர் அறை எடுக்கப் போகிறோம். மகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். பகல் முழுவதும் ஏசி ஓடும். கீழ்வீட்டு மேற்குச் சுவரில் இரவு ஒன்பது மணிக்குக் கை வைத்தாலும் சுடுகிறது. மாடியிலும் அதே வேதனை வேண்டாம்.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. மேஸ்திரி, நாலரை அங்குலச் சுவர் கட்டி, உள்பக்கம் தெர்மகோல் ஒட்டி, ஜிப்சம் பலகையால் மூடிவிடலாம் என்கிறார். பேனல் விற்பவர், 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் (இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை) போதும், சுவருக்கும் கூரைக்கும் அதுவே என்கிறார். டொரண்டோவில் கட்டட வேலையில் இருக்கும் என் மைத்துனரோ, எதை வைத்தாலும் உள்பக்கம் பாலித்தீன் தாள் விரித்துவிட்டுத்தான் பலகை அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவருக்குள் ஓதம் கட்டிப் பூஞ்சணம் பிடிக்கும் என்று அடித்துச் சொல்கிறார். மேஸ்திரிக்கு அது பிடித்துப்போய், எத்தனை மீட்டர் தாள் என்று கணக்கும் போட்டுவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது? இந்தப் பேனல் தீப்பிடிக்கும் என்கிறார்களே, அதுவும் உண்மையா?

பதில் 1: தஞ்சைப் பொறியாளர்

எல்லோரும் சுவரையே பார்க்கிறீர்கள். மாடி அறைக்குள் வெயில் இறங்குவது பெரும்பாலும் கூரை வழியாக. நாகையில் சித்திரை தொடக்கத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆவணியில் இன்னொரு முறை. 2018இல் வந்த ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற கட்டட விதித் தொகுப்பு, வீட்டுக் கூரைக்கு 1.2 என்ற வரம்பை வைத்தது. அதாவது வெளிக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட்டுக்கு மேல் இறங்கக் கூடாது. வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விடும்.

எடையையும் பாருங்கள். நாலரை அங்குலச் சுவர் பூச்சோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ. 50 மில்லிமீட்டர் பேனல் பத்துப் பன்னிரண்டு கிலோதான். அறைச் சுவர் வரும் இடத்துக்குக் கீழே உத்தரம் ஓடுகிறதா என்று பார்க்காமல் செங்கல்லை ஏற்ற வேண்டாம்.

பதில் 2: உறைகிடங்கு

ஐயா, தாள் வாங்குவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதிக் கிடங்குகளுக்குப் பேனல் பூட்டியே முடி நரைத்தவன் நான். கிடங்குக்குள் கழித்தல் 20 டிகிரி, வெளியே தூத்துக்குடி வெயில். அங்கே ஆவி எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் வாதாடுவதில்லை. வெளியிலிருந்து உள்ளேதான், வருடம் முழுக்க. வெளித்தகட்டில் யாரோ மின்குழாய்க்காக ஒரு துளை போட்டுவிட்டுப் பூசாமல் போனால் போதும். ஆவி நுரைக்குள் நுழைந்து பனிக்கட்டியாகும், சில வருடங்களில் பேனல் உப்பி நிற்கும். பூட்டும்போது ஒரு கையால் நிமிர்த்திய பேனலைக் கழற்றும்போது இரண்டு பேர் மூச்சுவாங்கத் தூக்குவார்கள்.

உங்கள் அறையும் அதே கதைதான், குளிர் மட்டும் குறைவு. நாகையில் காற்று 33 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 28 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் விடத் தொடங்கும். ஏசி ஓடும் அறையின் உள்சுவர் 24 அல்லது 25 டிகிரியில் இருக்கும். ஆக, வெளிக்காற்று சுவருக்குள் புகுந்து உள்பக்கத்தை எட்டிய இடத்திலெல்லாம் நீர் கோக்கும். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு வெளியே வியர்ப்பது போலத்தான். இப்போது மைத்துனர் சொன்ன தாளை உள்பக்கம் வையுங்கள். செங்கல் வழியாக வந்த ஆவி தெர்மகோல் இடுக்குகளைக் கடந்து, குளிர்ந்த தாளின் முதுகில் நீராகி, அங்கேயே தங்கும். முன்னே தாள் இருப்பதால் அறைப் பக்கம் காய வழியில்லை. கார்த்திகை அடைமழையில் வெளிப்பக்கமும் காயாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏசி விடுதிகளின் வினைல் சுவர்த்தாளுக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்தது இதே காரணத்தால்தான். அங்கே பாலித்தீன்கூட வேண்டியிருக்கவில்லை, அழகுக்கு ஒட்டிய சுவர்த்தாளே போதுமாயிற்று.

மேஸ்திரி வழியில்தான் போக வேண்டும் என்றால் வெப்பத்தடுப்பை வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். எக்ஸ்பிஎஸ் பலகை (தெர்மகோலைவிட இறுக்கமான நுரைப் பலகை), வலை, பூச்சு, மழைத்தடுப்பு. உள்பக்கம் சாதாரணப் பூச்சும் ஆவியை விடும் வண்ணமும் மட்டும். எனாமல் வண்ணம், சுவர்த்தாள், பாலித்தீன் எதுவும் வேண்டாம்.

பேனல் என்றால் தாளுக்கே வேலையில்லை. அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஆவியை அறவே விடாது. 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் விடும் வெப்பத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கை நாலரை அங்குலச் சுவர் விடும். ஆனால் தடிமனை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பேனல் தோற்பது இணைப்பில்தான். நாக்கும் பள்ளமும் சேரும் இடத்தில் வெளித்தகட்டை ஒட்டிப் பியூட்டைல் பசை தொடர்ச்சியாகப் போக வேண்டும். வேலைக்காரர் உள்பக்கம் மட்டும் சிலிக்கான் இழுத்து, “பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது” என்பார். நம்பாதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கூரைக்கு 80 மில்லிமீட்டர் போடுங்கள். கடலோரம் என்பதால் அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடாகக் கேளுங்கள். வெட்டிய விளிம்பில் பூச்சு இருக்காது, துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

பதில் 3: ஸ்காபரோ

மைத்துனருக்காகக் கொஞ்சம் வாதாடுகிறேன். நான் யாழ்ப்பாணம், இருப்பது ரொறன்ரோவில். இங்கே தை மாதத்தில் வெளியே கழித்தல் 20, உள்ளே 21 டிகிரி. சமையலும் குளியலும் உண்டாக்கும் ஆவி உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். அதனால் கண்ணாடிப் பஞ்சுக்கு உள்பக்கம் 0.15 மில்லிமீட்டர் பாலித்தீன் அடிப்பது இங்கு வழமை. அவர் சொன்னது இந்த ஊருக்குச் சரி. ஆவித்தடை சூடும் ஈரமும் உள்ள பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. நாகையில் அந்தப் பக்கம் தெருப்பக்கம்.

இங்கேயே கோடையில் பேஸ்மென்ட் சுவரில் அந்தத் தாளின் பின்புறம் நீர் கோப்பதுண்டு. இன்னொன்று, வான்கூவரில் 1980களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய நூற்றுக்கணக்கான அடுக்குமாடிகளுக்குள் மழைநீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் மரச் சட்டங்கள் உளுத்துப் போயின. மாகாண அரசு 1998இல் விசாரணை ஆணையமே வைத்தது. ஆவியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அங்கே சுவரைத் தின்றது மழை. சன்னலுக்கு மேல் தாழ்வாரம் நீட்டாமல் கட்டாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: நாகை மாடிவீடு

மைத்துனருக்கு இதைப் படித்துக் காட்டினேன். “நாகைக்கு யார் குளிர்காலம் கேட்டது” என்று சிரித்தார். பேனல் என்றே முடிவு செய்துவிட்டோம். தீயைப் பற்றி மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. கஜா புயலை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

பதில் 4: உறைகிடங்கு

பயப்பட வேண்டியது கஜாவுக்குத்தான் ஐயா. 2018 நவம்பர் 16 உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தளத்துக்கு நன்மையான அதே எடைக்குறைவு புயலில் எதிரி. பேனலைப் பேனலோடு பூட்டினால் மட்டும் போதாது. இரும்புச் சட்டம் எழுப்பி, அதைக் கீழ்த்தளத்து உத்தரத்திலும் தூணிலும் நங்கூர போல்ட் போட்டு இறுக்கி, கூரைப் பேனலை அந்தச் சட்டத்தில் கட்ட வேண்டும். பதில் 1 ஐயாவைப் போன்ற ஒருவரிடம் சட்டத்தின் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். சட்டம் பேனலுக்கு உள்பக்கம் நிற்கட்டும். பேனலை ஊடுருவி வெளியே தலைநீட்டும் இரும்பு வெப்பத்தை உள்ளே கடத்தும், அது குளிர்ந்த இடத்தில் வியர்க்கவும் செய்யும்.

தீ உண்மைதான். பஃப் எரியும், அதன் புகையில் ஹைட்ரஜன் சயனைடு உண்டு. தகடு மூடியிருக்கும்வரை தீ எளிதில் உள்ளே போகாது, ஆனால் வெட்டித் திறந்த விளிம்பு ஆபத்து. பிஐஆர் என்று இன்னொரு வகை நுரை உண்டு, அது தீயில் கருகி மேலோடு கட்டும், அதனால் பஃபைவிடத் தேவலை. அதற்காக அதை எரியாத பொருள் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். லண்டனில் 2017இல் 72 பேர் இறந்த கிரென்ஃபெல் கோபுரத்தில், தீயை ஏற்றிய வெளித்தகட்டின் நடுவே பாலித்தீன், அதற்குப் பின்னால் பிஐஆர்தான் இருந்தது. நடுவே கல்பஞ்சு (பாறையை உருக்கி இழுத்த நார்) வைத்த பேனல் எரியாது. எடை கூடும், வெப்பத்தைக் கொஞ்சம் அதிகம் விடும், விளிம்பில் நீர் புகுந்தால் குடித்துவிடும். ஏணிப்படி ஒன்றே வழி என்பதால் படிப்பக்கச் சுவரையாவது கல்பஞ்சில் போடச் சொல்வேன். மின்கம்பியைப் பேனலுக்குள் விடாமல் மேலே குழாயில் ஓட்டுங்கள்.

ஏசிக் குழாய்க்கான துளையை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் போட்டு, இருபக்கத் தகட்டிலும் துளை விளிம்புக்கும் குழாய்க்கும் இடையில் பசை நிரப்பச் சொல்லுங்கள். இவ்வளவு காப்பு உள்ள சிறு அறைக்கு ஒரு டன் ஏசியே அதிகமாக இருக்கலாம். பெரிய ஏசி சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரமிருக்காது. முன்பணம் கொடுக்குமுன் நுரையின் அடர்த்தியைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்: கன மீட்டருக்கு 40 கிலோ, இரண்டு கிலோ முன்பின். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள்.